கித்துள் பாணி, பனங்கட்டி, ஸ்டீவியா: தாவர இனிப்பு உடலுக்குள் போகும் வழியும் அதை அளந்து எடுக்கும் முறையும்

வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடைக்குள் போனால் இனிப்புக்கென்றே ஒரு தட்டு இருக்கும். வெள்ளைச் சீனி, சிவப்புச் சீனி, போத்தலில் கித்துள் பாணி, ஓலைக் குட்டானில் பனங்கட்டி, தேன், அதற்குப் பக்கத்தில் பச்சை இலைப் படம் போட்ட ஸ்டீவியாப் பெட்டி. வீட்டில் சலரோகக்காரர் ஒருவர் இருந்தால் கை சீனியைத் தாண்டிப் பனங்கட்டிக்குப் போகிறது. "மரத்தில இருந்து வந்ததுதானே, ஒண்டும் செய்யாது" என்று மனமும் ஆறுதல் சொல்கிறது. சீனியும் கரும்பிலிருந்து வந்ததுதான். குடலுக்கு மரம் எது, புல் எது என்று தெரியாது. அதற்குத் தெரிவது மூலக்கூறு மட்டும்.

ஆகவே எந்த இனிப்பைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது உடலுக்குள் எங்கே உடைகிறது? எவ்வளவு குருதிக்குள் போகிறது? எந்த வழியால் வெளியேறுகிறது? கித்துள் பாணிக்கும் ஸ்டீவியாவுக்கும் அதிமதுரத்துக்கும் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு பதில். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் கரண்டி எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பது முடிவாகும்.

பாணியும் கருப்பட்டியும் போகும் வழி

கித்துள் பாணி, கித்துள் கருப்பட்டி, தென்னங் கருப்பட்டி, பனங்கட்டி, கல்லாக்காரம் (கற்கண்டு), சீனி எல்லாவற்றிலும் பெரும்பங்கு ஒன்றே: சுக்குரோசு. ஒரு குளுக்கோசும் ஒரு பிரக்டோசும் கைகோத்து நிற்பதுதான் சுக்குரோசு. வாயிலும் இரைப்பையிலும் அதற்குப் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. சிறுகுடலின் சுவரில் இருக்கும் சுக்குரேசு என்ற நொதியம்தான் அதை இரண்டாகப் பிரிக்கிறது. பிரிந்த குளுக்கோசு சோடியத்தோடு சேர்ந்து ஒரு வாசலால் உள்ளே போகும். பிரக்டோசுக்கு வேறு வாசல். கால் மணித்தியாலத்துக்குள் குருதியில் குளுக்கோசு ஏறத் தொடங்கி, அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் உச்சிக்கு வரும். சதையி இன்சுலினைச் சுரக்க, தசையும் ஈரலும் கொழுப்பிழையமும் அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். 1 கிராமுக்குக் கிடைக்கும் சக்தி 4 கிலோகலோரி, மரம் எதுவானாலும்.

கருப்பட்டியில் சுக்குரோசைத் தவிர ஏற்கெனவே பிரிந்த குளுக்கோசும் பிரக்டோசும் கொஞ்சம் உண்டு. பூக்கதிரைச் சீவும்போது முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவது இதைத் தடுக்கத்தான். சுண்ணாம்பு குறைந்தால் இயற்கையான மதுவம் புகுந்து சுக்குரோசை உடைத்துவிடும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் பனங்கட்டி இறுகாமல் இளகி நிற்கும். கொழும்பின் ஈரக்காற்றில் அலுமாரிக்குள் வைத்த பனங்கட்டி கசிந்து ஒட்டுவதற்கும் இந்தப் பிரிந்த சீனிதான் காரணம், அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கெட்டுப்போனது என்று எறிய வேண்டாம். கள் மணமோ பூஞ்சணமோ வந்திருந்தால் மட்டும் எறியுங்கள். உடலுக்கு இதனால் வரும் வேறுபாடு மிகச் சிறியது: உடைக்கும் வேலை கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான்.

இரும்புச்சத்துப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். கருப்பட்டியில் கனியுப்புகள் உண்மையாகவே உண்டு. 100 கிராமில் 10 மில்லிகிராம் இரும்பு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பிளேன்ரீயோடு கடிக்கும் 10 கிராம் துண்டில் 1 மில்லிகிராம்தான். அதிலும் தேயிலையின் தனின் தாவர இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடலுக்குக் கிடைப்பது இன்னும் குறையும். இரும்புக்காகக் கருப்பட்டி சாப்பிடுவதைவிட முருங்கையிலையோ நெத்தலியோ பருப்போ சாப்பிட்டு, மேலே தேசிக்காய் பிழிவது நல்லது. அதே கனியுப்பு ஒருவருக்குக் கெடுதலாகவும் வரலாம்: சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்குக் கருப்பட்டியும் கருமையான பாணியும் சீனியைவிடக் கூடுதலான பொட்டாசியம் கொடுக்கும்.

"தென்னங் கருப்பட்டியின் கிளைசீமிக் சுட்டெண் குறைவு" என்று பெட்டியில் எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ஒரு உணவு குருதிக் குளுக்கோசை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் குளுக்கோசை 100 என்று வைத்து அளப்பதுதான் இந்தச் சுட்டெண். சீனிக்கு ஏறத்தாழ 65. தென்னஞ்சீனிக்குப் பிலிப்பைன்சில் 35 என்றும், சிட்னிப் பல்கலைக்கழக அளவையில் 54 என்றும் வந்திருக்கிறது. ஒரே பொருள், இரண்டு எண். சாற்றைக் காய்ச்சிய விதம், சோதனைக்கு வந்த ஆட்கள் எல்லாவற்றாலும் இது மாறும். பெட்டியில் உள்ள சிறிய எண்ணை நம்பி இரண்டு கரண்டி கூடப் போட்டால், கிடைத்ததாக நினைத்த நயம் அங்கேயே போய்விடும்.

பனம்பழத்தைச் சாப்பிட்டவர்களுக்கு அதன் கயர்ப்புத் தெரியும். அந்தக் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்ற பொருள் எலிகளின் குடலில் குளுக்கோசு உறிஞ்சலைக் குறைத்ததாக இலங்கை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது பழத்தின் களியில் இருப்பது. பனங்கட்டி வருவது பூக்கதிரில் வடியும் கருப்பநீரிலிருந்து. பழத்தின் பேரைச் சொல்லிக் கட்டியைத் தின்னக்கூடாது.

கரண்டியைக் கிராமாக மாற்றுவது

வீட்டில் நடக்கும் பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான். சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். 1 கிராம் வரை காட்டினால் போதும். பிறகு உங்கள் வீட்டுக் கரண்டியை ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். தட்டி மட்டமாக்கிய தேக்கரண்டிச் சீனி 4 கிராம். குவித்து அள்ளினால் 6, 7 கிராம் வரும். "ரெண்டு கரண்டிதான் போடுறனான்" என்று சொல்பவர் நாளுக்கு நாலு தேத்தண்ணி குடித்தால் 32 கிராமிலும் நிற்கலாம், 56 கிராமிலும் நிற்கலாம்.

பாணி நீரைவிடப் பாரம் கூடியது. 15 மில்லிலீற்றர் மேசைக்கரண்டி பாணி ஏறத்தாழ 20 கிராம் நிற்கும். நன்றாகக் காய்ச்சிய பாணியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் சீனிச்சத்து என்று கணக்குப் போட்டால், ஒரு மேசைக்கரண்டியில் 14 கிராம். போத்தலில் போசணை அட்டவணை இருந்தால் அந்த எண்ணையே எடுங்கள். தேன் மேசைக்கரண்டி 21 கிராம், அதில் சீனிச்சத்து 17 கிராம். கருப்பட்டியில் 100 கிராமுக்கு 85 முதல் 90 கிராம். கட்டியின் அளவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். கத்தியால் சீவித் தராசில் வையுங்கள். தேத்தண்ணிக் கடையில் ஊற்றும் டின் பாலில் பாதிக்கு மேல் சீனிச்சத்து, ஒரு மேசைக்கரண்டியில் 11 கிராம். "சீனி போடாமல் ரின்பால் மட்டும்" என்று கேட்டு வாங்குபவர் இதை மறந்துவிடுகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது: சேர்க்கப்படும் சீனி, தேன், பாணி, பழச்சாறு எல்லாவற்றிலிருந்தும் வரும் சக்தி நாளின் மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 வீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. வளர்ந்த ஒருவருக்கு அந்த 5 வீதம் ஏறத்தாழ 25 கிராம். ஒரு சிறிய கிண்ணம் எருமைத்தயிரில் இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணி ஊற்றினால் 28 கிராம், அந்த நாளின் கணக்கு அதிலேயே முடிந்தது. தயிரின் கொழுப்பும் புரதமும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் குளுக்கோசு மெதுவாக ஏறும். சீனியின் மொத்த அளவு குறையாது. தயிருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கிண்ணத்தின் அடியில் ஊற்றாமல் மேலே கோடாக ஊற்றினால் ஒவ்வொரு வாயிலும் நாக்குக்கு இனிப்பு முதலில் படும், குறைத்தது தெரியாது.

பாணி கலப்படமா என்று பார்க்கத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, கடதாசியில் தடவிப் பார்ப்பது என்று பல முறைகள் சொல்வார்கள். சீனி காய்ச்சிக் கலந்த பாணியை இவை நம்பத்தக்க விதமாகக் காட்டிக்கொடுக்காது. காசுக்கும் சுவைக்கும் கலப்படம் பெரிய அநியாயம். குருதிக் குளுக்கோசின் கணக்கிலோ நல்ல பாணியும் சுக்குரோசு, கலந்ததும் சுக்குரோசு.

பிரக்டோசு: குளுக்கோமீற்றரில் தெரியாத பாதி

சுக்குரோசின் மற்றப் பாதி போகும் இடம் பெரும்பாலும் ஈரல். குளுக்கோசு ஈரலுக்குள் உடையும்போது நடுவில் ஒரு தடுப்பு உண்டு: சக்தி போதுமென்றால் அந்த நொதியம் வேகத்தைக் குறைக்கும். பிரக்டோசு வேறொரு நொதியத்தால் பிடிக்கப்பட்டு அந்தத் தடுப்புக்கு அப்பால் போய் நுழைகிறது. கொஞ்சமாக வந்தால் ஈரல் அதைக் குளுக்கோசாகவும் லக்ரேற்றாகவும் கிளைக்கோஜனாகவும் மாற்றிவிடும். ஒரே மடக்கில் நிறைய வந்தால் மிச்சம் கொழுப்பாகும். அது மூக்கிளிசரைட்டாக (ட்ரைகிளிசரைட்) குருதிக்கு வரும், ஈரலிலும் படியும். பிரக்டோசைப் பிடிக்கும் அவசரத்தில் ஈரல்கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி. செலவாகி, அதன் உடைவில் யூரிக் அமிலம் கூடுகிறது. பெருவிரல் மூட்டு வீங்கும் கௌட் உள்ளவர் பழச்சாற்றையும் தேனையும் பாணியையும் சீனியோடு சேர்த்து எண்ண வேண்டியது இதனால்தான்.

சுப்பர்மார்க்கற்றில் விற்கும், அகாவே என்ற செடியின் பாணியை எடுத்துப் பாருங்கள். அதன் கிளைசீமிக் சுட்டெண் மிகக் குறைவு என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். உண்மை, அதில் பெரும்பங்கு பிரக்டோசு என்பதால் குளுக்கோசு எழும்பாது. சுமை மீற்றர் பார்க்கும் இடத்தைவிட்டு ஈரலுக்கு மாறியிருக்கிறது. கொழுப்பீரல் என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவருக்கு, சீனிக்குப் பதிலாக அகாவே என்பது நல்ல மாற்றம் இல்லை. பிரக்டோசு வாசலின் கொள்ளளவும் ஆளுக்கு ஆள் மாறும். அளவுக்கு மேல் போனது பெருங்குடலில் பக்டீரியாவால் புளித்து வயிறூதலும் வயிற்றோட்டமும் தரும். தேனோ அகாவேயோ சாப்பிட்ட ஓரிரு மணித்தியாலத்தில் வயிறு பொருமுபவருக்குப் பல தடவை காரணம் இதுதான்.

முழுப்பழத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நாரும் நீரும் மென்று தின்னும் நேரமும் பிரக்டோசைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். அதே பழத்தை ஜூஸாக அடித்துச் சீனியும் போட்டுக் குடித்தால் கதை மாறும்.

ஸ்டீவியா: உடையும் இடம் பெருங்குடல்

ஸ்டீவியா பரகுவே நாட்டுப் பக்கத்துச் செடி. அதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கும் ஸ்டீவியோல் கிளைகோசைட்டுகள் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. ஸ்டீவியோல் என்ற முதுகெலும்பில் குளுக்கோசுகள் தொங்கும் உருவம் அது. எங்கள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் உள்ள நொதியங்களால் அதை வெட்ட முடியாது, அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே பக்டீரியா குளுக்கோசுகளை வெட்டித் தானே தின்றுவிடும். மிஞ்சும் ஸ்டீவியோல் குருதிக்குள் போய், ஈரலில் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைக்கப்பட்டு, சிறுநீரால் வெளியேறும். குருதிக் குளுக்கோசாக வந்து சேருவது எதுவும் இல்லை.

எவ்வளவு எடுக்கலாம்? உணவுச் சேர்பொருள்களுக்கான சர்வதேச நிபுணர் குழு 2008இல் வைத்த எல்லை, ஸ்டீவியோலாகக் கணக்கிட்டு உடல்நிறையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 240 மில்லிகிராம். ரெபோடியோசைட் ஏ என்ற வகையில் மூன்றில் ஒரு பங்குதான் ஸ்டீவியோல், ஆகவே அந்த வகையில் ஏறத்தாழ 720 மில்லிகிராம். சீனியின் 200 மடங்கு இனிப்பு என்று எடுத்தால் 144 கிராம் சீனியின் இனிப்பு, மட்டக்கரண்டியில் 36. தேத்தண்ணியில் போட்டு யாரும் இந்த எல்லையைத் தாண்ட மாட்டார்கள். 30 கிலோப் பிள்ளைக்கு எல்லை பாதி. இனிப்புப் பானமும் இனிப்பூட்டிய யோகட்டும் சேர்ந்தால் அந்த வயதில் தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் பின்பக்கம் கட்டாயம் வாசியுங்கள். ஒரு கரண்டிச் சீனிக்கு ஈடான தூய சாறு 20 மில்லிகிராம், நகத்தில் ஒட்டும் அளவு. அதைக் கையால் அளக்க முடியாதென்பதால் நிரப்பி சேர்ப்பார்கள், 1 கிராம் பைக்கற்றில் மீதி எல்லாம் நிரப்பிதான். நிரப்பி டெக்ஸ்ட்ரோசு என்றால் அது குளுக்கோசேதான். மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்றாலும் குடலில் உடைந்து வேகமாகக் குளுக்கோசாகும். ஒரு பைக்கற்றுக்கு 3, 4 கிலோகலோரிதான். நாளுக்கு 10 பைக்கற் போடுபவருக்கு 10 கிராம் குளுக்கோசு வரை சேரும். மாத்திரை வடிவில் லக்ரோசு நிரப்பியாக இருப்பதுண்டு. எரித்ரிற்றோல் என்ற சீனி அற்ககோல் நிரப்பி என்றால் குளுக்கோசு ஏறாது. லேபிளில் பெயருக்குப் பதிலாக எண் இருந்தால்: 960 ஸ்டீவியா, 957 தௌமற்றின், 958 அதிமதுரச் சாறு, 967 சைலிற்றோல், 968 எரித்ரிற்றோல். முன்பக்கம் பச்சை இலையும் பின்பக்கம் 955 என்றும் இருந்தால் அதில் சுக்கிரலோசு என்ற செயற்கை இனிப்பூட்டியும் கலந்திருக்கிறது.

சமையலில் ஸ்டீவியா கொதியைத் தாங்கும், தேத்தண்ணிக்கும் பாயசத்துக்கும் சரி. கூடினால் நாக்கின் கசப்பு ஏற்பிகளையும் அது தட்டும், அதனால் "இன்னும் கொஞ்சம்" என்று போடப்போட இனிப்புக்குப் பதில் கசப்பும் அதிமதுர மணமும் வரும். தேவையான இனிப்பில் பாதியைக் கருப்பட்டியாலும் பாதியை ஸ்டீவியாவாலும் கொடுத்தால் கசப்பு அடங்கும். வட்டிலப்பத்தில் முழுதாக மாற்ற முயல வேண்டாம்: கருப்பட்டி அங்கே நிறமும் மணமும் பாரமும் ஈரப்பிடிப்பும் தருகிறது, 1 கிராம் தூள் இவற்றைத் தராது. கேக் சிவக்காது, எழும்பாது. ஜாமில் சீனிதான் பூஞ்சணத்தைத் தடுக்கிறது. ஸ்டீவியா ஜாமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் முடிக்க வேண்டும்.

மெலிய வேண்டும் என்பதற்காக ஸ்டீவியாவுக்கு மாறுவோருக்கு ஒன்று. 2023இல் உலக சுகாதார நிறுவனம், உடல்நிறையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சீனியல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஸ்டீவியாவும் அதில் அடக்கம், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் அந்தப் பரிந்துரையில் சேர்க்கப்படவில்லை. எங்கே பிழைக்கலாம் என்பது கோப்பையைப் பார்த்தாலே விளங்கும். தேத்தண்ணியில் 8 கிராம் சீனியை மிச்சம் பிடித்துவிட்டு, மத்தியானம் 100 கிராம் சோறு கூடப் போட்டால் 28 கிராம் மாச்சத்து உள்ளே போகிறது. அதுவும் கடைசியில் குளுக்கோசுதான்.

சீனத்தின் குவாங்சியில் விளையும் மங்க் புரூட் என்ற பழத்தின் இனிப்புச் சாறும் ஸ்டீவியாவின் வழியிலேயே பெருங்குடலுக்குப் போகிறது; உறிஞ்சப்படுவது மிகக் குறைவு, பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். தௌமற்றின் என்ற இனிப்பூட்டி ஒரு புரதம், பருப்பைப் போலச் சமிபாடடையும்.

எரித்ரிற்றோலின் வழி வேறு. பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, உடலால் எரிக்கப்படாமல் சிறுநீரோடு போகும். 1 கிராமுக்கு 0.2 கிலோகலோரி. வாயில் குளிர்ச்சி தருவது அது கரையும்போது வெப்பத்தை இழுப்பதால். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023இல் கிலோவுக்கு நாளுக்கு 0.5 கிராம் என்று எல்லை வைத்தது, வயிற்றோட்டத்தைத் தவிர்க்க. அதே ஆண்டு, குருதியில் எரித்ரிற்றோல் கூடியவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் கூடுதலாக வந்ததாக ஓர் ஆய்வு வெளியானது. உடலே எரித்ரிற்றோலைக் கொஞ்சம் ஆக்குவதால், காரணம் அதுதான் என்று இன்னும் நிறுவப்படவில்லை. இதயநோய் உள்ளவர் அதைப் பைக்கற் நிரப்பி அளவோடு நிறுத்தி, கேக்குக்குக் கிலோக்கணக்கில் போடாமல் இருப்பது புத்தி. சைலிற்றோல் என்ற இன்னொரு சீனி அற்ககோலில் 1 கிராமுக்கு 2.4 கிலோகலோரி உண்டு. வீட்டில் நாய் இருந்தால் அதை வாங்கவே வேண்டாம், நாயின் குருதிச் சீனியை அது உயிராபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

அதிமதுரம்: இனிப்பின் பேரில் வரும் இரத்த அழுத்தம்

புறக்கோட்டையில் கபோஸ் லேன் பக்கத்து மருந்துக் கடைகளில் அதிமதுரம் வேராகவும் தூளாகவும் கிடைக்கும். இருமலுக்குக் கஷாயத்தில் ஒரு துண்டு போடுவது வேறு. சீனிக்குப் பதிலாக நாள்தோறும் தேத்தண்ணியில் போடுவது வேறு, அதுதான் கவலை.

அதன் இனிப்பு கிளிசிரிசினால் வருவது. சீனியைவிட ஏறத்தாழ 50 மடங்கு. ஸ்டீவியாவைப் போலவே பெருங்குடலில் பக்டீரியா இதன் சீனிப்பகுதியை வெட்டுகிறது. ஆனால் மிஞ்சும் கிளிசிரெற்றினிக் அமிலம் குருதிக்குள் போய்ச் சும்மா இருப்பதில்லை. சிறுநீரகத்தில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியம் இருக்கிறது. அதை இது கட்டிப்போடும். அடக்கப்படாத கோர்ட்டிசோல், அல்டொஸ்தரோன் என்ற வேறொரு ஹோர்மோனின் வேலையைச் செய்யத் தொடங்கும்: உப்பும் நீரும் உடலில் தேங்கும், பொட்டாசியம் சிறுநீரோடு போகும். கால் வீங்கும், அழுத்தம் ஏறும், தசை சோரும், பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத்துடிப்புத் தடுமாறும்.

நாளுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரிசின் என்பது பெரும்பாலானோருக்குத் தீங்கில்லாத எல்லை. வேரில் 4 வீதம் என்று எடுத்தால் 2.5 கிராம் வேர், ஒரு தேக்கரண்டித் தூள். வேருக்கு வேர் வீதம் மாறும் என்பதால் அந்த எல்லைக்குக் கிட்டவும் போக வேண்டாம். இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் இறக்கும் மாத்திரையோ டிகொக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் அதிமதுரத்தை இனிப்பூட்டியாகப் பயன்படுத்தவே கூடாது. அழுத்த மாத்திரை ஒழுங்காக எடுத்தும் அளவு இறங்கவில்லை என்றால், வீட்டில் குடிக்கும் மூலிகைத் தேத்தண்ணியின் பைக்கற்றைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நிறுத்தினாலும் நொதியம் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் எடுக்கலாம்.

சிறுகுறிஞ்சாவை இதோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. அது இனிப்பு இல்லை; இலையை மென்றால் நாக்கின் இனிப்பு ஏற்பியை மறைத்துவிடும், சீனி மண் போல இருக்கும். நாக்குக்குத் தெரியாத சீனி குடலுக்குத் தெரியும்.

மீற்றரில் சோதித்துப் பார்ப்பது

உங்கள் உடல் ஒரு பாணியை எப்படி எடுக்கிறது என்பதை வீட்டுக் குளுக்கோமீற்றரால் ஓரளவு பார்க்கலாம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். சோதனைக்காக மருந்தை நிறுத்தவும் கூடாது, தள்ளிவைக்கவும் கூடாது.

முதலில் அளவைச் சமமாக்குங்கள். கரண்டிக்குக் கரண்டி ஒப்பிட்டால் பாணி வென்றுவிடும், அதில் நீர் இருப்பதால். 14 கிராம் சீனியை 20 கிராம் பாணியோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பாலில்லாத பிளேன்ரீயில், ஒரே அளவு நீரில், ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்கும்படி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 8 மணித்தியாலமாவது ஒன்றும் சாப்பிடாமல், காலையில் ஒரே நேரத்தில் செய்யுங்கள். குடிக்க முன் ஒரு அளவு, குடித்து 30 நிமிடத்தில், 60இல், 120இல் என்று நாலு துளி. அந்த இரண்டு மணித்தியாலமும் காலிவீதியில் நடைக்குப் போகாதீர்கள். நடந்தால் தசை குளுக்கோசை இழுத்துக்கொள்ளும், எண் பொய்யாகும்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். கருப்பட்டி உடைத்த விரலில் ஒட்டியிருக்கும் துணுக்கே 50, 100 என்று (எல்லா எண்ணும் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்) கூட்டிக் காட்டப் போதும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது சீனியை முழுதாக எடுக்காது. விரலைப் பிழிந்து பிழிந்து துளி எடுத்தால் இழைய நீர் கலக்கும். சோதனைப் பட்டைப் போத்தலின் மூடியை உடனே மூடுங்கள், கொழும்பின் ஈரக்காற்றுக்குப் பட்டை பழுதாகும்.

ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தரமான மீற்றருக்கே 15 வீதம் மேலே கீழே போக இடமுண்டு. 140 என்று காட்டுவது 120 ஆகவும் இருக்கலாம், 160 ஆகவும் இருக்கலாம். ஒவ்வொரு இனிப்பையும் மூன்று காலையில் செய்து சராசரி எடுங்கள். சராசரிகளுக்கு இடையில் 20க்குக் குறைந்த வித்தியாசத்தை வித்தியாசமாகவே எண்ண வேண்டாம். பெரும்பாலானோருக்குச் சீனியும் பாணியும் கிட்டக்கிட்டத்தான் நிற்கும். ஸ்டீவியாப் பைக்கற்றையும் இப்படிச் சோதிக்கலாம்: நாலு பைக்கற் போட்டு எண் தெளிவாக ஏறினால் நிரப்பி குளுக்கோசாக இருக்க வேண்டும். தேனும் அகாவேயும் குறைவாகக் காட்டினால் அந்த எண்ணில் பிரக்டோசு இல்லை என்பதை நினையுங்கள், மீற்றர் பார்ப்பது குளுக்கோசை மட்டும். அந்தப் பாதிக்கு மூக்கிளிசரைட்டு, யூரிக் அமிலம், ஈரல் நொதியச் சோதனை என்று ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும்.

சீனி இறங்கும்போது எந்த இனிப்பு

இன்சுலினோ கிளிபென்கிளமைட் போன்ற சலரோக மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கி, மீற்றர் 70க்குக் கீழே காட்டினால் வேகமாக ஏறும் 15 கிராம் கொடுக்க வேண்டும்: குளுக்கோசுத் தூள் மட்டமாக மூன்று, நாலு தேக்கரண்டி அரைக் கிளாஸ் தண்ணீரில், இல்லையென்றால் அதே அளவு சீனி. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஸ்டீவியா மட்டும் என்றால் அது உதவாது. கோப்பை இனிக்கும், குருதிச் சீனி இறங்கிக்கொண்டே போகும். வீட்டையே சீனியில்லா வீடாக்கியவர்கள் மறக்கும் இடம் இதுதான். கருப்பட்டித் துண்டு மென்று கரைய நேரமெடுக்கும். பாணி ஒரு மேசைக்கரண்டி பரவாயில்லை. அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்கோ பாணியும் சீனியும் கைகொடுக்காது, ஏனென்றால் சுக்குரோசை உடைக்கும் அந்தச் சுக்குரேசு நொதியத்தைத்தான் அந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. அவருக்குக் குளுக்கோசுத் தூள்தான் வேண்டும். பாமசியில் ஒரு பைக்கற் வாங்கி, பாதியைச் சமையலறையிலும் பாதியைச் சிறு டப்பாவில் அடைத்து அவர் பஸ்ஸில் கொண்டுபோகும் பையிலும் வையுங்கள். டப்பாவின் மேல் "குளுக்கோசு, 4 தேக்கரண்டி" என்று எழுதி ஒட்டுங்கள். நடுங்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டியது அது.